இருபத்தொன்பதாயிரம் பவுண்

அன்றைக்கு அந்த வீட்டு அலுவலில் இருந்தவர்கள் எட்டுப் பேர். குலசிங்கம், வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்தவர், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. மரியதாஸ், மீன்கடை. யோகனும் தயாளனும், அண்ணன் தம்பி, கோழி பொரிக்கிற கடை. வெற்றிவேல், சாமான் வான் ஓடுகிறவர். சந்திரபோஸ், வேலை தேடுகிறவர், மூன்று வருஷமாகத் தேடுகிறவர். ஏழாவது ஆள் நான். எட்டாவது, வீட்டை அளக்க வந்த குஜராத்திக்காரர். பெயரைச் சொன்னவர், எனக்குப் பிடிபடவில்லை.

இருங்கள், அந்தக் கதிரையில் இருங்கள். மற்றதற்கு ஒரு கால் கட்டை.

அறை பார்க்க வந்த இடத்தில், குலசிங்கத்தின் வீட்டை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டீர்கள். சண்டையோ என்றும் கேட்டீர்கள். சண்டை இல்லை. உங்களை என்னிடம் அனுப்பியதே குலசிங்கம்தானே, சண்டை என்றால் அனுப்புவாரா? உங்களுக்கும் ஐம்பது இருக்கும். தம்பி என்று கூப்பிட்டால் குறை நினைக்காதீர்கள். எனக்கு அறுபத்திரண்டு.

என் மனைவியை ஊரிலிருந்து கூப்பிடுகிற அலுவல், தம்பி. பெயர் தவமலர். கொடிகாமத்தில் இருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருஷம், இருக்கலாம் என்று காகிதம் கிடைத்து நாலு வருஷம். காகிதம் கிடைத்த அடுத்த மாதமே அவளைக் கூப்பிட வெளிக்கிட்டேன். கூப்பிடுகிறவர் வருஷத்துக்கு இவ்வளவு என்று உழைப்புக் காட்ட வேண்டும், இருக்க இடம் காட்ட வேண்டும், பிறகு நீங்கள் இரண்டு பேரும் மெய்யாகவே புருஷன் பெண்சாதிதான் என்றும் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னது லேசு என்று நினைத்திருந்தேன்.

இடம் என்றால், எங்கள் இரண்டு பேருக்கும் தனி அறை, வீட்டில் நெரிசல் இல்லை. அதை ஒரு ஆள் வந்து அளந்து எழுதித் தர வேண்டும். அவருக்கு நாங்கள்தான் காசு கட்டுகிறது. எனக்கு அந்த வீட்டில் தனி அறை இருந்தது, சின்ன அறை. மற்ற ஆறு பேரும் இரண்டு அறையிலும் ஹோலிலும். குலசிங்கம் சொன்னார்: "அருமைத்துரை, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். ஒரு மணித்தியாலம் தானே. நாங்கள் ஆறு பேரும் காணாமப் போறம்."

மெத்தைகளைச் சுருட்டி வெற்றிவேலின் வானில் ஏற்றினார்கள். மெத்தைக்கு மேலே அவர்கள் ஏறி இருந்தார்கள். வானைக் கொண்டுபோய்த் தெரு முனையில் நிறுத்தினார்கள். நல்ல மழை. நான் கோட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் தனியே நின்றேன். நாலு வருஷம் இருந்த வீட்டில், குளிர்சாதனப் பெட்டி சத்தம் போடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

குஜராத்திக்காரர் வந்தார். நல்ல மனிதர், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். சுவரில் சிவப்புப் புள்ளி வைத்து அளக்கிற கருவி ஒன்று. மேலே அளந்துகொண்டு நிற்கும்போது கதவில் தட்டுகிற சத்தம். திறந்தால் சந்திரபோஸ், நனைந்துபோய். "காஸ் மீட்டர்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு மேலே ஓடி நேரே கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அளக்கிறவர் அவன் வெளியே வருமட்டும் ஒதுங்கி நின்றார். அவன் போகும்போது, "மீட்டர் ஓகே" என்று அவரிடமும் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகும் சமாளித்திருக்கலாம். குசினியில்தான் பிடிபட்டோம். மெத்தையை ஒளித்தோம், செருப்பை ஒளித்தோம், பற்தூரிகைகளைக்கூட ஒளித்தோம். கறித்தூளை ஒளிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழு போத்தல் வரிசையாக நிற்கிறது. ஊரிலிருந்து வருகிற தூள் தம்பி, ஒருவர் வீட்டுத் தூளை மற்றவர் தொடமாட்டார். மரியதாஸ் வீட்டுத் தூளில் பெருஞ்சீரகம் கூட. யோகன் வீட்டில் கறுக்க வறுத்துவிடுவார்கள், தயாளனுக்கு வருகிறது பெண்சாதி வீட்டுத் தூள். அதனால் போத்தலில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இதில் உங்களுடையது எது என்று கேட்டார். காட்டினேன். மற்றது என்றார். இந்த வீட்டில் எத்தனை பேர் என்று மெதுவாகக் கேட்டார்.

வேறு எதைக் கேட்டாலும் ஏதாவது சொல்லியிருப்பேன். எண்ணிக்கை கேட்டால் எனக்குப் பிழையாகச் சொல்ல வராது. ஏழு என்றேன். அவரும் எழுதிக்கொண்டார்.

வானுக்குப் போய்ச் சொன்னேன். மரியதாஸ் தலையிலிருந்து தண்ணீர் வடிய வடியக் கேட்டார்: "உமக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாட்டி எங்களை ஏன் காணும் மழைக்க இருத்தினீர்?" சந்திரபோஸ் சொன்னான்: "தவமலர் அக்காவை இவர் என்னத்தைச் சொல்லிக் கலியாணம் முடிச்சவரோ தெரியாது!" எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்படித்தான் இந்த வீடு எடுத்தது. ஒரு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. இதையும் ஒருவர் வந்து அளந்தார். இரண்டு பேருக்குப் போதும் என்று எழுதித் தந்தார். அந்தக் காகிதம் இருக்கிறது, வேண்டுமென்றால் காட்டுகிறேன். வேண்டாமா? சரி.

வாடகை அங்கே கட்டியதைப்போல் இரண்டரை மடங்கு. அது ஒருபுறம். உழைப்புக் கணக்கு ஒருபுறம். நான் சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவுகிறேன். காலை பதினொன்றிலிருந்து இரவு பத்தரை. முதலாளி சம்பளக் காகிதத்தில் ஆறு மணித்தியாலந்தான் எழுதுவார். அதற்கு மேலே எழுதினால் தனக்கு வரி என்பார். அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை, எழுதுகிற ஆறையாவது ஒழுங்காக எழுதுகிறார். அரசாங்கம் முன்பு கேட்ட தொகை வருஷத்துக்குப் பதினெட்டாயிரத்து அறுநூறு பவுண். ஆறு மாதச் சம்பளக் காகிதம் வேண்டும். சனிக்கிழமையும் நின்று, முதலாளியைக் கெஞ்சி அந்த நாளையும் எழுதுவித்து, ஐந்து மாதம் சேர்த்துவிட்டேன். ஆறாவது மாதம் வருமுன் அரசாங்கம் தொகையைக் கூட்டிவிட்டது. இருபத்தொன்பதாயிரம். ஒரேயடியாக.

அதற்குப் பிறகுதான் சான்விச் தொழிற்சாலை. விடிய ஐந்திலிருந்து ஒன்பதுவரை. முட்டை வைக்கிற இடத்தில் நிற்கிறேன்.

இங்கே தமிழர் உதவி நிலையத்தில் அபிரா என்று ஒரு பிள்ளை. இங்கே பிறந்தது. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ், ஆனால் மனம் வைத்துக் கதைக்கும். அந்தப் பிள்ளைதான் விண்ணப்பம் எல்லாம் நிரப்பியது. விண்ணப்பக் கட்டணமும், வைத்தியத்துக்கென்று முன்கூட்டியே அறவிடுகிற காசுமாக ஐயாயிரம் பவுண் வரும் என்று சொன்னபோது நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன்.

"அங்கிள், இருங்கோ, இருங்கோ. கட்ட ஏலாத ஆக்கள் கட்டணத்தை விலக்கச் சொல்லிக் கேக்கலாம்."

எனக்கு அது விளங்கவில்லை. "ஒரு காகிதத்தில பெண்சாதியை வைச்சுப் பாக்க வசதி இருக்கெண்டு எழுதிறம். மற்றக் காகிதத்தில அவவைக் கூப்பிடவே வசதி இல்லையெண்டு எழுதிறம். இதில எது பிள்ளை உண்மை?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "ரெண்டும் உண்மைதானே, அங்கிள்" என்றது.

விலக்குக் கேட்கிற விண்ணப்பத்தில் மாதச் செலவு எல்லாம் கேட்டிருந்தது. வாடகை சொன்னேன். மின்சாரம் பென்ஸ் கணக்கோடு சொன்னேன். தவமலருக்கு அனுப்புகிறது சொன்னேன். சாப்பாடு என்று கேட்டது. பூச்சியம் என்றேன்.

"பூச்சியமோ?"

"ஓம். மூண்டு மணிக்கும் கடையில சாப்பாடு, ராத்திரிப் பத்துக்கும் கடையில சாப்பாடு. காலமை நான் சாப்பிடுறேல்லை."

"அங்கிள், ஒரு ஐம்பது எண்டு போடுவமே."

"சாப்பிடாததுக்கு என்னண்டு போடுறது?"

உடுப்பு, பூச்சியம். தலைமயிர் வெட்டுகிறது, பூச்சியம். அந்த வீட்டில் இருக்கும்போது குலசிங்கம் வெட்டிவிடுவார். இங்கே வந்த பிறகு நானே கண்ணாடியைப் பார்த்து வெட்டுகிறேன். பின்பக்கம் எப்படி என்று தெரியாது. எப்படி இருக்கிறது? சரி, சரி.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ஒரு மனிதன் சாப்பாட்டுக்கு ஒன்றுமே செலவழிக்கவில்லை என்பது நம்பத்தக்கதாக இல்லையாம். ஆகவே வேறு வருமானத்தை மறைக்கிறேனாம். விலக்குத் தர முடியாதாம். கடையில்தான் சாப்பிடுகிறார் என்று முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்று பிள்ளை சொன்னது. முதலாளி தரமாட்டார். கொடுத்தால், பத்து மணிக்கு நான் அங்கே ஏன் நின்றேன் என்று ஆராவது கேட்பார்கள் அல்லவா? "ஐம்பது எண்டு போட்டிருந்தா நம்பியிருப்பினம், அங்கிள்" என்று பிள்ளை சொன்னது. இன்றைக்கும் எனக்கு அது விளங்கவில்லை.

சரி என்று, குலசிங்கம் நடத்துகிற சீட்டில் என் பங்கை முறை வருமுன்னே கழிவுக்கு, குறைந்த தொகைக்கு எடுத்து, ஐயாயிரத்தையும் நானே சேர்த்தேன்.

பிறகு, லேசு என்று நான் நினைத்த விஷயம். புருஷன் பெண்சாதி என்று காட்டுகிறது. கலியாணப் படம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று கிழமை ஊருக்குப் போன பயணச்சீட்டு இருக்கிறது. அது போதாது, நீங்கள் ஒருவரோடு ஒருவர் கதைத்துப் பேசுகிற சான்று வேண்டும், வாட்சப்பில் எழுதியதை எல்லாம் தாருங்கள் என்று பிள்ளை கேட்டது. போனைக் கொடுத்தேன். நான் வெளியே இருந்தேன். திரும்பிக் கூப்பிட்டபோது பிள்ளையின் முகம் சரியில்லை.

"அங்கிள், இது முழுக்க விவாகப் பதிவு வந்ததோ, பொலிஸ் றிப்போட் வடிவா விழேல்லை, திரும்பப் படம் எடுத்து அனுப்பும், மொழிபெயர்ப்பில பிறந்த திகதி பிழை, இதுகள்தான். ரெண்டு அரசாங்கக் கந்தோர் ஒண்டுக்கு ஒண்டு எழுதின மாதிரி இருக்கு. ஒரு இடத்தில எண்டாலும் சுகமோ எண்டு கேக்கேல்லையே."

"அலுவல் எழுதவே நேரம் காணாது, பிள்ளை. அதைக் கேட்டு ஏன் அவவின்ர நேரத்தையும் வீணாக்குவான்?"

"இனியாவது ஏதாவது எழுதுங்கோ, அங்கிள். சும்மா. மனதில பட்டதை."

அன்று பின்னேரம் கடையில், அரிசி மூட்டைக்கு மேலே இருந்துகொண்டு, "சுகமா இருக்கிறீரோ?" என்று எழுதி அனுப்பினேன். ஒரு நிமிஷம் இல்லை, போன் அடிக்கிறது. தவமலர். மூச்சு வாங்குகிறது.

"என்னப்பா? என்ன நடந்தது? உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்டுமில்லை."

"அப்ப ஆருக்கு? ஒளியாமச் சொல்லுங்கோ!"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்."

பிறகு, "இனி உப்பிடிச் சும்மா கேட்டுப்போடாதேங்கோ. நெஞ்சு அடைச்சுப்போச்சு" என்றாள். அதற்குப் பிறகு நான் அப்படி எழுதுகிறதில்லை. பயப்படுத்தக் கூடாதுதானே.

அவள் அங்கே முன்பள்ளியில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாள். இருபத்தாறு பிள்ளைகள். நான் விடியப்புறம் தொழிற்சாலைக்கு நடக்கும்போதுதான் போன் எடுப்பேன். அங்கே பத்து மணி இருக்கும். பிள்ளைகளின் சத்தம் கேட்கும். அவள் கதையை நீட்டுவாள். இன்றைக்கு ஒரு சின்னன் வந்து என்ர சீலைக்குள்ள ஒளிச்சிட்டுது, தாயைப் போ போ எண்டு கலைக்குது, என்று சிரித்துச் சிரித்துச் சொல்வாள். எனக்கோ தொழிற்சாலை வாசல் வந்துவிடும். "ஆங்கிலச் சோதனைக்குப் பேர் குடுத்தாச்சோ?" என்று நடுவில் கேட்டுவிடுவேன். "ம், குடுத்தாச்சு" என்பாள். அலுவல் விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. சோதனையில் முதல் தரமே சித்தி.

ஊருக்குப் போயிருந்தபோதும் கனக்கக் கதைக்க முடியவில்லை. சனம் வந்துகொண்டே இருந்தது. கடைசி நாள் காலமை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இப்பவும் சீனி போட்டோ குடிக்கிறனீங்கள்?" என்று கேட்டாள். மூன்று கிழமையும் போட்டுத்தான் தந்தவள். நான் குடித்தும் இருக்கிறேன். விட்டுப் பத்து வருஷம் என்று அப்போது சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாசியில் எல்லாம் முடிந்தது. காசு கட்டியாயிற்று, காகிதம் எல்லாம் ஏற்றியாயிற்று. அவள் கொழும்புக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்கு நான் வழக்கத்தை விட வெள்ளென வெளிக்கிட்டு, ஆறுதலாக நடந்துகொண்டு போன் எடுத்தேன்.

"எல்லாம் சரி. நீர் கைரேகையை வைச்சாச் சரி. குளிர்ச்சட்டையும் வாங்கி வைச்சிட்டன்."

"என்ன நிறம்?"

"நீலம். மலிவில போட்டிருந்தவன்."

"இஞ்சாருங்கோ, நான் அங்க வந்தா, நீங்கள் எத்தினை மணிக்கு வீட்டை வருவியள்?"

நான் ஒழுங்காகச் சொன்னேன். விடிய நாலரைக்குப் போவேன். தொழிற்சாலையிலிருந்து நேரே கடை. நடுவில் ஓய்வு இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வந்து போனால் பஸ் காசு வீண், மூட்டைக்கு மேலே படுப்பேன். இரவு பதினொன்றரைக்கு வீடு.

"ஞாயிறு?"

"ஞாயிறு காலமை பத்தரை வரைக்கும் நிப்பன். திங்கள் பத்து மணிக்குப் பிறகு முழுக்க நிப்பன்."

"விசா கிடைச்சா ஒரு வேலையை விடலாந்தானே?"

"விடேலாது. ரெண்டரை வருஷத்தால திரும்பவும் உழைப்புக் காட்டோணும். அதுக்குப் பிறகு இன்னொரு ரெண்டரை. அதோட சரி."

"அப்ப உங்களுக்கு எத்தினை வயசு?"

"அறுபத்தேழு."

அவள் சிரித்தாள் போலக் கிடந்தது. "அதுவரைக்கும் நான் அந்த அறைக்குள்ள ஆரோட கதைக்கிறது?"

"வாசல் கதவு நல்ல பூட்டு. இரட்டைப் பூட்டு. ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை" என்று சொன்னேன்.

பின்னால் பிள்ளைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். "கஞ்சி அடிப்பிடிக்கப்போகுது, வைக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

முதல் திகதிக்கு அவளால் போக முடியவில்லை. முன்பள்ளி விளையாட்டுப் போட்டி. பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுக்க வேறு ஆள் இல்லை. இரண்டாம் திகதிக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்றாள். பஸ்ஸில் போகலாமே என்றேன், பஸ்ஸில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்றாள். அவளுக்கு முந்தி அப்படி வருவதில்லை, வயது போனால் வரும்தானே. மூன்றாவது திகதி எடுப்பதற்குள், காசநோய் இல்லை என்கிற காகிதம் காலாவதியாகிவிட்டது. அது ஆறு மாதந்தான் செல்லும். இனி அந்தச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அபிரா கேட்டது: "அங்கிள், அன்ரிக்கு வர விருப்பமோ எண்டு கேட்டனீங்களோ?"

"விருப்பமில்லாமல் நெஞ்சுப் படம் எடுக்கக் கொழும்புமட்டும் ஆர் பிள்ளை போவினம்?" என்றேன். "ஆங்கிலச் சோதனை ஆர் படிச்சுப் பாஸ் பண்ணுவினம்?"

பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. படித்த பிள்ளை, ஆனால் ஊர்ப் பெண்களைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். தவமலருக்குக் குளிர் பயம். வேறொன்றும் இல்லை. அதுதான் இன்னொரு குளிர்ச்சட்டையும் வாங்கினேன், முந்தினதைவிடத் தடிப்பு.

ஆகவே தம்பி, நீங்கள் அறையை எடுக்கலாம். நான் ஹோலில் படுப்பேன். வாடகை பாதிப் பாதி. அவள் வருகிற திகதி தெரிந்ததும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்வேன், அப்போது நீங்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். அந்த அலுமாரியில் மேல்தட்டு மட்டும் வேண்டாம், அவளுடைய உடுப்புக்கு விட்டிருக்கிறேன். குசினி முழுக்க உங்களுக்கு. நீங்கள் இரவு வேலை என்றீர்கள். பத்து மணிக்குப் போய்விடுவீர்கள், விடிய ஆறுக்கு வருவீர்கள். அப்படியென்றால் நாங்கள் ஒருவரை ஒருவர் காணவே மாட்டோம். உங்களுக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் கரைச்சல் இல்லை. ஞாயிறு காலமை நித்திரை கொள்ளாமல் இருந்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். கட்டாயம் இல்லை. உங்களுக்கு வசதி என்றால்.

எழும்பிவிட்டீர்களா? ஒரு நிமிஷம். இதை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். சித்திரையில் வந்தது, இரண்டு வேலைக்கும் வருஷ முடிவுக் காகிதம். உழைப்புப் போதாது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. அபிராவுக்கும் காட்டினேன், குலசிங்கத்துக்கும் வீட்டுக்குப் போய்க் காட்டினேன், தவமலருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், பார்த்த அடையாளம் விழுந்திருக்கிறது. கடை, பதினேழாயிரத்து நானூற்று இருபது. தொழிற்சாலை, பதினோராயிரத்து அறுநூற்று இருபத்திரண்டு. நீங்களே கூட்டிப் பாருங்கள். கேட்டது இருபத்தொன்பதாயிரம். கழித்தால் மிச்சம் நாற்பத்திரண்டு பவுண்.